ரோஸ்ட்ரோபோவிச்சின் செல்லோ கான்செர்ட்டோ பதிவுகள்: எதில் தொடங்குவது, எந்தப் பதிப்பை வாங்குவது?

#1 கரிசல்காற்று

செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் பி மைனர் செல்லோ கான்செர்ட்டோவை (ஒரு செல்லோ ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் பெரிய படைப்பு) சோவியத் செல்லோ கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச் வாசித்தது என்று ஸ்ட்ரீமிங்கில் தேடினால் ஏழெட்டு வந்து நிற்கிறது. ஒவ்வொன்றிலும் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் வேறு வேறு. சிலவற்றில் ஆண்டே போடவில்லை. எதில் ஆரம்பிக்கலாம்? த்வோர்ஷாக் தவிர அவரிடம் கட்டாயம் கேட்கவேண்டியவை எவை? பெரிய பெட்டித் தொகுப்பெல்லாம் கட்டுப்படியாகாது. நாலைந்து சிடி அல்லது எல்பி, அவ்வளவுதான் பட்ஜெட். ஸ்பீக்கர் புத்தக அலமாரியில் வைக்கும் சைஸ். ஹெட்போன் பரவாயில்லை ரகம்.

#2 நாலுதந்தி

முதலில் த்வோர்ஷாக்கை வரிசைப்படுத்திவிடுவோம். குழப்பத்தில் பாதி அங்கேயே தீரும். ஆண்டு, கண்டக்டர், ஆர்க்கெஸ்ட்ரா, வெளியிட்ட நிறுவனம் என்ற வரிசையில்:

1952, வாக்லாவ் தாலிக், செக் ஃபில்ஹார்மோனிக், சுப்ராஃபோன். மோனோ (ஸ்டீரியோ இல்லாத ஒற்றைச் சேனல்).
1957, ஏட்ரியன் போல்ட், ராயல் ஃபில்ஹார்மோனிக், ஈஎம்ஐ.
1968 ஆகஸ்ட் 21, ஸ்வெத்லானோவ், சோவியத் அரசு சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா. லண்டன் ஆல்பர்ட் ஹாலில் நேரடிக் கச்சேரி. பின்னாளில் பிபிசி லெஜண்ட்ஸ் வெளியிட்டது.
1968 செப்டம்பர், கராயன், பெர்லின் ஃபில்ஹார்மோனிக், டாய்ச்சே கிராமஃபோன்.
1977, ஜூலினி, லண்டன் ஃபில்ஹார்மோனிக், ஈஎம்ஐ. கூடவே சான்-சான்ஸின் முதல் கான்செர்ட்டோ.
1985, ஒசாவா, பாஸ்டன் சிம்ஃபனி, எராட்டோ. டிஜிட்டல்.

இவை போக ரேடியோ டேப்புகளும் மலிவு விலைப் பதிப்புகளும் நிறைய. கண்டக்டர், ஆர்க்கெஸ்ட்ரா, ஆண்டு மூன்றும் அட்டையில் இல்லாததைத் தொடவேண்டாம்.

எங்கே ஆரம்பிப்பது என்றால் கராயன். செல்லோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சரிக்குச் சரி நின்று மோதுவது வேறு எந்தப் பதிவிலும் இவ்வளவு பளிச்சென்று கேட்காது. பெர்லின் தாலெமில் உள்ள இயேசு கிறிஸ்து தேவாலயத்தில் எடுத்தது. எதிரொலி நீளம், ஆனால் குழம்பாது. பின்பாதியில் சைகோவ்ஸ்கியின் ரொக்கோகோ வேரியேஷன்ஸ், ஒரே மெட்டை மாற்றி மாற்றி எழுதியது. அது ஃபிட்சன்ஹாகன் என்ற செல்லோ கலைஞர் மாற்றியமைத்த வடிவம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சைகோவ்ஸ்கி எழுதியது எட்டு வேரியேஷன்கள். ஃபிட்சன்ஹாகன் கடைசியைத் தூக்கிவிட்டு மற்றவற்றின் வரிசையையும் மாற்றிவிட்டார். மூல வடிவம் வேண்டுமானால் வேறு கலைஞர்களிடம்தான் போகவேண்டும்.

#3 எதிர்ப்பாட்டு

எல்லாரும் கராயன் என்றே சொல்வார்கள் என்று தெரியும். ஒரு எதிர்க்குரலும் இருக்கட்டும்.

அந்தப் பதிவில் செல்லோவின் அளவு பொய். எந்த அரங்கிலும், எந்த வரிசையில் உட்கார்ந்தாலும், அவ்வளவு பெரிய செல்லோ காதுக்கு வராது. மைக்கை வாத்தியத்துக்குப் பக்கத்தில் வைத்து, கலக்கும்போது மேலே தூக்கியிருக்கிறார்கள். முதல் பகுதியில் செல்லோ நுழையும் இடத்தைக் கேளுங்கள். எதிரே ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா இருக்கிறது என்பதே மறந்துபோகும். அதே தேவாலயத்தில், அதே பெர்லின் ஆர்க்கெஸ்ட்ராவோடு, ஜார்ஜ் செல் நடத்த பியேர் ஃபூர்னியே 1961-ல் பதிந்தது இருக்கிறது. செல்லோ ஆர்க்கெஸ்ட்ராவுக்குள்ளிருந்து எழுந்து வரும். மரத்தின் நிறம் தெரியும். மெர்க்குரி நிறுவனத்துக்காக கண்டக்டர் டோராட்டியோடு செல்லோ கலைஞர் ஸ்டார்க்கர் 1962-ல் பதிந்ததும் உண்டு, 35 மி.மீ. காந்தப் படச்சுருளில் எடுத்தது. சுண்டினாற்போல் தெளிவு.

வேகமும் ஒரு பிரச்சினை. முதல் பகுதிக்கு த்வோர்ஷாக் போட்ட மெட்ரோனோம் வேகம் நிமிடத்துக்கு 116 தட்டு. கராயன்-ரோஸ்ட்ரோபோவிச் ஜோடி இனிமையான இடம் வந்தால் போதும், வண்டியை ஓரம் கட்டிவிடுகிறார்கள். நடுவில் செல்லோ முதல் ராகக்கருவை (மூல மெட்டை) ஏ-ஃப்ளாட் மைனரில் மெதுவாகப் பாடும், புல்லாங்குழல் கூட வரும். அந்த இடத்தில் கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது.

#4 நாலுதந்தி

> அந்தப் பதிவில் செல்லோவின் அளவு பொய்.

சார், பொய்தான். எதற்காக அந்தப் பொய் தேவைப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும் அல்லவா?

செல்லோவின் கீழ்த் தந்தி சி, 65 ஹெர்ட்ஸ். பிறகு ஜி 98, டி 147, மேல் தந்தி ஏ 220. சோலோ வாசிப்பில் பெரும்பகுதி 65-க்கும் ஆயிரத்துக்கும் நடுவில்தான் நடக்கிறது. ஹார்ன், பசூன், வியோலா, ஆர்க்கெஸ்ட்ராவின் மற்ற செல்லோக்கள் எல்லாம் குடியிருப்பதும் அதே தெருவில். வயலின் சோலோ என்றால் கூட்டத்துக்கு மேலே ஏறிப் பறந்துவிடும். செல்லோவுக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் 19-ஆம் நூற்றாண்டில் பல பெரிய இசையமைப்பாளர்கள் செல்லோ கான்செர்ட்டோ பக்கமே வரவில்லை.

த்வோர்ஷாக்கிடம் மூன்று ஹார்ன், இரண்டு டிரம்பெட், மூன்று டிராம்போன், ஒரு டியூபா இருக்கிறது. ஆனால் செல்லோ வாசிக்கும்போது பித்தளையைப் பெரும்பாலும் வாயடைத்து வைக்கிறார். வில்லுக்குக் கீழே இரண்டு கிளாரினெட், ஒரு புல்லாங்குழல், பிசிக்காட்டோ (விரலால் சுண்டும் தந்திகள்), அவ்வளவே. செல்லோ ஓய்ந்ததும் எல்லாரையும் அவிழ்த்துவிடுவார். நேரில் கேட்பவர்கள் செல்லோவைக் கண்ணாலும் பார்ப்பதால் காது அதைப் பிரித்துக்கொள்ளும். தட்டில் கண் இல்லை. ஒலிப்பதிவாளர் ஓரளவு தூக்கித்தான் ஆகவேண்டும். 1968-ல் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிவிட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். ரோஸ்ட்ரோபோவிச் மூக்கால் உறிஞ்சும் மூச்சு ஹெட்போனில் கேட்கும் அளவுக்கு.

ஆனாலும் அந்த ஏ-ஃப்ளாட் மைனர் இடத்தை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அங்கே வேகம் குறைவதால்தான் அதற்குப் பின் வரும் ஏற்றத்துக்கு எடை கிடைக்கிறது: செல்லோ எட்டாம் சுரங்களை இரண்டு தந்தியில் ஒருசேரப் பிடித்து மேலே ஏறும், உச்சிக்குப் போனதும் ஆர்க்கெஸ்ட்ரா மொத்தமும் பி மேஜரில் இரண்டாம் ராகக்கருவை வெடிக்கும். ஸ்பீக்கரை சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஏற்றம் கரகரத்தால் ஊசியோ ஸ்பீக்கர் டிரைவரோ திணறுகிறது என்று அர்த்தம்.

#5 வியோலாக்காரி

தாலிக்கை இரண்டு பேருமே தாண்டிப்போய்விட்டீர்கள்.

1952-ல் ரோஸ்ட்ரோபோவிச்சுக்கு வயது 25. பின்னாளில் வந்த அந்தப் பெரிய குரல் இன்னும் முழுசாக வரவில்லை. அதனால் ஆர்க்கெஸ்ட்ராவோடு பேசுகிறார், அதன்மேல் ஏறி நிற்கவில்லை. இரண்டாம் பகுதியில் மூன்று ஹார்ன்கள் மட்டும் தனியாக ராகக்கருவைத் திரும்ப எடுக்குமே, அதை இந்தத் தட்டில் கேளுங்கள். செக் ஹார்ன்களுக்கே உரிய லேசான அதிர்வு, பெர்லினில் கிடைக்காது. முதல் பகுதியில் டி மேஜர் ஹார்ன் சோலோவும் அப்படியே.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த இரண்டாம் பகுதியில் த்வோர்ஷாக் தன் பழைய பாட்டு ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்: ஓபஸ் (படைப்பு எண்) 82-ல் முதல் பாட்டு. அவருடைய மைத்துனி யோசெஃபினாவுக்குப் பிடித்தது. த்வோர்ஷாக் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய பிறகு, 1895 மே மாதம் யோசெஃபினா இறந்துபோனார். த்வோர்ஷாக் கடைசிப் பகுதியின் முடிவைத் திருத்தி, அதே பாட்டைச் சோலோ வயலினுக்குக் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்தார். அதனால்தான் அந்த முடிவில் ஆர்ப்பாட்டக் கடென்ஸா (சோலோ கலைஞர் தனியாக வித்தை காட்டும் பகுதி) கிடையாது. யாரும் ஒட்டவைக்கக்கூடாது என்பதிலும் கறாராக இருந்தார். தாலிக் அந்தக் கடைசி மூன்று நிமிடங்களை எடுத்துப்போகும் விதத்தில், இழுப்பதும் இல்லை, அவசரமும் இல்லை. ஜூலினி 1977-ல் அதே இடத்தைத் தேனில் ஊறப்போட்டுவிடுகிறார். அழகுதான், ஆனால் நகரமாட்டேன் என்கிறது.

#6 முள்ளும்தட்டும்

எல்பி வாங்குவதானால் சில குறிப்புகள்.

கராயன் பதிவின் ஸ்டீரியோ எண் 139 044. லேபிளின் விளிம்பைச் சுற்றி துலிப் பூ வரிசை இருந்தால் ஆரம்பகால அச்சு. விளிம்பில் நீலக் கோடு மட்டும் என்றால் பின்னாளைய அச்சு. துலிப்புக்கு விற்பவர்கள் கூடுதல் விலை சொல்வார்கள். தட்டு கீறலாக இருந்தால் துலிப் ஒன்றுக்கும் உதவாது. இந்த இசையில் மெல்லிய பகுதிகள் அதிகம். ஒரு ‘டிக்’ விழுந்தால் முகத்தில் அடிக்கும். சுத்தமான பின்னாளைய அச்சே மேல்.

இந்தத் தட்டில் கிட்டத்தட்ட ஒரு மணி நேர இசையை அடைத்திருக்கிறார்கள். 33⅓ சுழற்சியில் தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்குக் கீழே வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடும். லேபிளுக்குப் பக்கத்தில் சுமார் 21 செ.மீ.தான். அதே சத்தத்தைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுதவேண்டும், உயர்சுரங்கள் நசுங்கும். ரொக்கோகோவின் கடைசி வேகப்பகுதி விழுவது அங்கேதான். கூம்பு ஊசியில் அது மணல் அரைப்பதுபோல் கேட்கும். நீள்வட்ட ஊசி குறைந்தபட்சம். முடிந்தால் நுண்கோட்டு ஊசி. கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) ஷெல்லில் கோணம் தவறியிருந்தாலும் இங்கேதான் முதலில் தெரியும். அதனால் அலைன்மென்ட்டைத் தட்டின் நடுவில் மட்டும் பார்த்துவிட்டு விடவேண்டாம், உள்பக்கத்திலும் பாருங்கள்.

தாலிக் மாதிரி மோனோ தட்டுக்கு ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள். மோனோ பள்ளம் பக்கவாட்டில் மட்டுமே வெட்டப்பட்டது. மேலும் கீழுமான அசைவில் இருப்பது வெறும் இரைச்சல். இரண்டு சேனலையும் சேர்த்தால் அது பெரும்பாலும் அடிபட்டுப்போகும். சிடி பதிப்பிலும் இதைச் செய்து பார்க்கலாம்; சில பதிப்புகளில் இடது வலது இரைச்சல் வேறு வேறாக இருக்கும்.

ரம்பிள் ஃபில்டர் (டர்ன்டேபிளின் உறுமலை வெட்டும் வசதி) இருந்தால் 20–30 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 80-ல் வெட்டினால் சி தந்தியின் அடிச்சுரமே போய்விடும். பிறகு செல்லோ வியோலாபோல் கேட்கிறது என்று ரோஸ்ட்ரோபோவிச்சைக் குறை சொல்லக்கூடாது.

#7 கரிசல்காற்று

என் ஸ்பீக்கர் அட்டையில் 80 ஹெர்ட்ஸ் முதல் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் சி தந்தி கேட்கவே கேட்காதா?

#8 ரீல்டேப்

கேட்கும். அடிச்சுரம் 65 பலவீனமாகிவிடும். 131, 196, 262 என்று மேலே அடுக்கும் சுரங்கள் அப்படியே வரும். அவற்றை வைத்து மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும். போவது சுரம் இல்லை, வயிற்றில் உணரும் எடை. ஸ்பீக்கரைச் சுவருக்குக் கொஞ்சம் பக்கத்தில் தள்ளினால் ஓரளவு ஈடுகட்டலாம். மூலையில் சொருகிவிடாதீர்கள், சில சுரங்கள் மட்டும் ஊதிப்போகும்.

ஆண்டு போடாத பதிப்புகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சோவியத் ரேடியோ டேப்பிலிருந்து எடுத்த மலிவுப் பதிப்புகளில் பெரிய தொல்லை வேகம். டேப்பை எழுதிய இயந்திரமும் பிரதி எடுத்த இயந்திரமும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்றால் சுரம் மேலே ஏறிவிடும். சோதிப்பது எளிது. போனில் ட்யூனர் ஆப் இருந்தால் போதும். த்வோர்ஷாக் முடிவது பி மேஜரில். கடைசி நீண்ட நாதத்தில் ட்யூனரைப் பிடியுங்கள். பி காட்டவேண்டும். சி காட்டினால் பதிவு அரைச்சுரம் ஏறியிருக்கிறது, அதாவது வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதல். 40 நிமிடப் பதிவு 38 நிமிடத்துக்கும் குறைவாகச் சுருங்கியிருக்கும். ‘தீப்பறக்கும் வாசிப்பு’ என்று பாராட்டப்படும் சில பதிப்புகளின் ரகசியம் இதுதான்.

சின்ன விலகலைப் பார்த்துப் பதறவேண்டாம். பெர்லினில் ஏ-வை 443 அளவில் வைத்துக்கொள்வார்கள். அது 440-ஐவிட 12 சென்ட் மேல் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). 20 சென்ட் வரை விட்டுவிடுங்கள். அதைத் தாண்டி 40, 50 என்று போனால்தான் சந்தேகப்படவேண்டும்.

திருத்தவேண்டுமானால் ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அரைச்சுரம் இறக்க 0.944 மடங்கு. சுரத்தை மட்டும் மாற்றும் கட்டளை வேறு. அதைத் தொட்டால் வேகம் தப்பாகவே நிற்கும், வில்லின் உராய்வும் பிசுபிசுத்துப்போகும்.

இரைச்சல் நீக்கம் அதிகமான பதிப்பையும் காதால் கண்டுபிடிக்கலாம். செல்லோ மெல்லத் தொடங்கும் இடத்தில் தந்தியில் வில் பற்றும் ‘ஸ்ஸ்’ என்ற தொடக்கம் இருக்கவேண்டும். நேரே சுரம் மட்டும் வழவழவென்று வந்தால் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வழித்துவிட்டார்கள். கொஞ்சம் இரைச்சலோடு இருக்கும் பதிப்பே எனக்கு உசத்தி.

#9 எதிர்ப்பாட்டு

1968 ஆகஸ்ட் 21 பதிவைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் கட்சிக்கு ஆதாரமே அதுதான்.

அன்று விடிவதற்குள் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்துவிட்டன. மாலையில் லண்டனில் சோவியத் ஆர்க்கெஸ்ட்ரா, சோவியத் கண்டக்டர், சோவியத் செல்லோ. வாசிப்பது செக் இசையமைப்பாளரின் கான்செர்ட்டோ. அரங்குக்கு வெளியிலும் உள்ளேயும் எதிர்ப்பு. இசை தொடங்கும்போது எழுந்த கூச்சல் ஒலிப்பதிவிலும் இருக்கிறது. வாசித்து முடித்ததும் ரோஸ்ட்ரோபோவிச் த்வோர்ஷாக்கின் ஸ்கோரைக் கையில் உயர்த்திக் காட்டினார். ஒரே மாதம் கழித்து, செப்டம்பர் 21 முதல் 24 வரை, பெர்லினில் கராயனோடு அதே கான்செர்ட்டோ.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் புரியும். லண்டனில் செல்லோ ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் அடிக்கடி மூழ்குகிறது. சுரம் சில இடங்களில் பிசகுகிறது. டிரம்பெட் முரட்டுத்தனம். ஆனால் மூழ்கி மூழ்கி எழுவதில் ஒரு போராட்டம் தெரிகிறது, பெர்லினில் அது இல்லை. அங்கே செல்லோ தோற்கவே வாய்ப்பில்லை, மைக் அதன் பக்கம்.

#10 வியோலாக்காரி

அந்தக் கச்சேரிக்கு வரலாற்று எடை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் புதிதாகக் கேட்பவருக்கு அதை முதல் தட்டாகக் கொடுக்கக்கூடாது. மரக்காற்று வாத்தியங்களின் விவரம் பாதி காணாமல்போகிறது. அந்தக் கான்செர்ட்டோவில் பாதி அழகு அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் பகுதியில் செல்லோவின் சின்னக் கடென்ஸாவோடு புல்லாங்குழல் இழையும் இடத்தை ரேடியோ மைக்கில் தேடவேண்டியிருக்கும்.

இதோடு த்வோர்ஷாக்கை மூட்டை கட்டலாமா? கேட்டவர் மற்ற கான்செர்ட்டோக்களையும் கேட்டிருந்தார். ரோஸ்ட்ரோபோவிச்சின் உண்மையான சொத்து அவருக்கென்று எழுதப்பட்டவைதான். த்வோர்ஷாக்கை ஃபூர்னியேயிடமும் கசால்ஸிடமும் கேட்கலாம். 1937-ல் பிராகில் ஜார்ஜ் செல் நடத்த கசால்ஸ் வாசித்தது சுமார் 35 நிமிடத்தில் முடிகிறது, பாருங்கள். சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் கான்செர்ட்டோவை, எழுதியவர் பக்கத்தில் இருக்க, யாருக்காக எழுதினாரோ அவரே வாசிப்பது வேறு எங்கே கிடைக்கும்?

#11 நாலுதந்தி

சரியான திசை. முதலாவது, ஷோஸ்டகோவிச் 1, அதாவது அவருடைய முதல் செல்லோ கான்செர்ட்டோ, ஓபஸ் 107. முதல் அரங்கேற்றம் 1959 அக்டோபர் 4, லெனின்கிராட், கண்டக்டர் மிராவின்ஸ்கி. ஸ்கோரைக் கையில் வாங்கி நாலே நாளில் மனப்பாடம் செய்தார் என்பது பிரசித்தம். நவம்பர் 8 அன்று ஆர்மண்டி நடத்த ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவோடு கொலம்பியா நிறுவனத்துக்குப் பதிவு; ஷோஸ்டகோவிச் கூடவே இருந்தார். அரங்கேறி ஐந்து வாரம்!

‘செல்லோ கேட்காது’ என்ற சிக்கலை அவர் அறுத்த விதத்தைப் பாருங்கள். டிரம்பெட், டிராம்போன், டியூபா எதுவுமே கிடையாது. பித்தளையில் ஒரே ஒரு ஹார்ன். அந்த ஒற்றை ஹார்ன் செல்லோவின் எதிராளி. கிட்டத்தட்ட இரண்டாவது சோலோயிஸ்ட். ஃபிலடெல்ஃபியா பதிவில் வாசித்தவர் மேசன் ஜோன்ஸ், அட்டையிலேயே பெயர் உண்டு. இங்கே ஒலிப்பதிவாளர் எதையும் தூக்கி நிறுத்தவேண்டிய அவசியமே இல்லை, எழுத்திலேயே சமநிலை இருக்கிறது. எதிர்ப்பாட்டு சார் திருப்தியாகக் கேட்கலாம்.

இரண்டாம் பகுதியின் முடிவில் செல்லோ செயற்கை ஹார்மோனிக்கில் மட்டும் ராகக்கருவை எடுக்க, செலஸ்டா (மணிபோல் ஒலிக்கும் கீபோர்டு வாத்தியம்) பதில் சொல்லும். ஒரு விரலால் தந்தியை அழுத்தி, அதற்கு மேலே இன்னொரு விரலால் தொட்டு மட்டும் எழுப்பும் நாதம் அது. விரல் மயிரிழை நகர்ந்தாலும் சுரம் உடைந்துவிடும். பல நல்ல கலைஞர்கள் தடுமாறும் இடம். பிறகு மூன்றாம் பகுதி முழுக்க செல்லோ மட்டும், கடென்ஸாவே ஒரு தனிப் பகுதி. அதிலிருந்து நேரே கடைசிப் பகுதிக்குள் குதிக்கும். அங்கே ஸ்டாலினுக்குப் பிடித்த ‘சுலிகோ’ பாட்டைத் துண்டு துண்டாக நறுக்கி ஒளித்து வைத்திருக்கிறார்.

ஷோஸ்டகோவிச் 2-க்கு ஒசாவா-பாஸ்டன், டாய்ச்சே கிராமஃபோன், 1975. முதலாவதைவிட இருட்டு, பிடிபட நேரமெடுக்கும். முடிவில் செல்லோ ஒரே டி-யை இழுத்துக்கொண்டிருக்க, தாளவாத்தியங்கள் டிக் டிக் என்று நிற்கும்.

புரோகோஃபியெவின் சிம்ஃபனி-கான்செர்ட்டோ, ஓபஸ் 125. 1938-ல் அரங்கேறி எடுபடாமல்போன தன் பழைய கான்செர்ட்டோவை ரோஸ்ட்ரோபோவிச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடியோடு திருத்தி எழுதியது. 1952 பிப்ரவரி 18 மாஸ்கோ அரங்கேற்றத்துக்கு கண்டக்டர் யார் தெரியுமா? பியானோ மேதை ரிக்டர். பதிவுக்கு 1957 சார்ஜென்ட், ராயல் ஃபில்ஹார்மோனிக். நடுப்பகுதிதான் மலை, ஒரே மூச்சில் கேட்டு முடிக்கப் பழகவேண்டும். (ஷூமானின் கான்செர்ட்டோவை ஷோஸ்டகோவிச் ரோஸ்ட்ரோபோவிச்சுக்காக மறு-ஆர்க்கெஸ்ட்ரேஷன் செய்தாரே, அதற்கும் ஓபஸ் 125. தேடும்போது இரண்டும் கலந்து வரும், ஜாக்கிரதை.)

#12 முள்ளும்தட்டும்

பெஞ்சமின் பிரிட்டென் விட்டுப்போயிற்று. செல்லோ சிம்ஃபனி, ஓபஸ் 68. 1964 மார்ச் 12 மாஸ்கோவில் அரங்கேற்றம். அதே ஆண்டு டெக்கா பதிவு, பிரிட்டெனே நடத்த இங்கிலிஷ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா. மறுபக்கம் ஹைடன் சி மேஜர். அந்த ஹைடன் ஸ்கோர் 1961-ல்தான் பிராக் தேசிய அருங்காட்சியகத்தில் கண்டெடுக்கப்பட்டது, அதனால் அப்போது சுடச்சுடப் புதுசு. கடென்ஸாக்களை பிரிட்டென் எழுதிக் கொடுத்தார். ஹைடனுக்கு அவை பொருந்துகின்றனவா என்றால், இல்லை. ஆனால் கேட்கச் சுவாரசியம்.

பதிவு நடந்த கிங்ஸ்வே ஹாலுக்கு அடியில் அப்போது பாதாள ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அரங்கில் எடுத்த பல டெக்கா தட்டுகளில் கீழே ‘கும்’ என்று ஒரு உறுமல் வந்துபோகும். செல்லோ சிம்ஃபனியின் தொடக்கமே கீழ்ஸ்தாயியில்தான் என்பதால் சப்-வூஃபர் வைத்திருப்பவர்கள் டர்ன்டேபிளைச் சந்தேகிக்கலாம். சிடியிலும் அதே இடத்தில் வந்தால் ரயில். தட்டில் மட்டும் வந்தால் உங்கள் பேரிங்.

#13 ரீல்டேப்

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ட்ராக்குகளுக்கு நடுவில் இடைவெளி விடாத வசதியை ஆன் செய்துகொள்ளுங்கள். ஷூமான் மூன்று பகுதியும் நிற்காமல் ஓடும். சான்-சான்ஸ் 1 அப்படியே. ஷோஸ்டகோவிச் 1-ல் இரண்டாம் பகுதியிலிருந்து முடிவு வரை ஒரே ஓட்டம். பிரெஞ்சு இசையமைப்பாளர் டியூட்டியூவின் ‘டூட் அன் மோன்ட் லொன்டேன்’ என்ற செல்லோ கான்செர்ட்டோவின் ஐந்து பகுதியும் ஒன்றுக்குள் ஒன்று கரையும். அரை விநாடி மௌனம் விழுந்தால் கடென்ஸாவிலிருந்து பாயும் அந்தக் கணமே பாழ். ‘ஷஃபிள்’ பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஷூமான் என்றதும் நினைவு வருகிறது: 1960 ரோஷ்தெஸ்த்வென்ஸ்கி, லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக், டாய்ச்சே கிராமஃபோன். 1976-ல் பெர்ன்ஸ்டைனோடு ஈஎம்ஐக்கு எடுத்தது நத்தை வேகம். இரண்டு உணர்ச்சிவசக்காரர்கள் ஒரே அறையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம். முதலாவதே போதும்.

#14 கரிசல்காற்று

எல்கர் எங்கே? தேடியதில் அவர் பெயரில் ஒழுங்கான பதிவு ஒன்றும் அகப்படவில்லை.

#15 வியோலாக்காரி

ஸ்டுடியோவில் எல்கரை அவர் பதியவில்லை தம்பி. எல்கருக்கு ஜாக்குலின் டு ப்ரே, பார்பிரோலி, லண்டன் சிம்ஃபனி, 1965. அடுத்த ஆண்டு டு ப்ரே மாஸ்கோவுக்குப் போய் ரோஸ்ட்ரோபோவிச்சிடமே பாடம் கேட்டார். அந்தத் தட்டுக்கு வேறு இழை இருக்கிறது, இங்கே ஆரம்பித்தால் முடியாது.

#16 எதிர்ப்பாட்டு

நாலைந்து தட்டு என்றால் என் பங்குக்கு: ஆர்மண்டியோடு ஷோஸ்டகோவிச் 1, தாலிக்கோடு த்வோர்ஷாக், பிரிட்டென்-ஹைடன் டெக்கா, ஈஎம்ஐயின் டியூட்டியூ-லுட்டோஸ்லாவ்ஸ்கி தட்டு. அந்தக் கடைசித் தட்டின் இரண்டு கான்செர்ட்டோவும் 1970-ல் ரோஸ்ட்ரோபோவிச் அரங்கேற்றியவை. பதிவு ஆர்க்கெஸ்ட்ர் தெ பாரி. கண்டக்டர் டியூட்டியூவுக்கு செர்ஜ் போதோ, லுட்டோஸ்லாவ்ஸ்கிக்கு லுட்டோஸ்லாவ்ஸ்கியே. ஐந்தாவதுக்கு இடமிருந்தால் கராயனை வாங்கிக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம்.

#17 நாலுதந்தி

ஐந்தாவதை முதலாவதாக மாற்றினால் எனக்கும் அதே பட்டியல்தான்.

1974-ல் அவர் சோவியத்தை விட்டு வெளியேறியபின் கையில் இருந்த வாத்தியமும் மாறுகிறது: 1711-ஆம் ஆண்டு ‘டூபோர்’ ஸ்ட்ராடிவாரியஸ். அதனால் 1968 கராயனையும் 1977 ஜூலினியையும் ஒப்பிடும்போது கண்டக்டரை மட்டும் காரணம் சொல்லாதீர்கள். ஏ தந்தியின் பளபளப்பு 77-ல் வேறு. அதில் வாத்தியத்துக்கும் பங்கு உண்டு.

லுட்டோஸ்லாவ்ஸ்கி தட்டைப் போடும்போது மட்டும் கவனம். தொடக்கத்தில் செல்லோ தனியாக, ஒரே டி சுரத்தை வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில் அலட்சியமாகத் தட்டிக்கொண்டே இருக்கும். ஆர்க்கெஸ்ட்ரா இல்லாமல் நாலைந்து நிமிடம் இப்படிப் போகும். சரியாகக் கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். அந்தப் பேச்சை வெட்டிக்கொண்டு டிரம்பெட்டுகள் வரும். முதலில் டிரம்பெட் நுழையும் இடத்துக்குத் தள்ளிப்போய் வால்யூமை அதற்கு வைத்துவிட்டு, பிறகு ஆரம்பத்துக்கு வாருங்கள். ஹெட்போன் என்றால் இது கண்டிப்பு.

#18 கரிசல்காற்று

ஆர்மண்டி சிடியும் கராயன் சிடியும் சொல்லிவைத்தாயிற்று. தாலிக் மோனோவை ஸ்ட்ரீமிங்கில் ட்யூனர் வைத்துச் சோதித்தேன்: முடிவில் பி, 15 சென்ட் மேலே. விட்டுவிடலாம்தானே?

#19 ரீல்டேப்

விட்டுவிடுங்கள். ஹார்னைக் கேளுங்கள்.